கோல் வாங்காமலே வெளியேறிய இந்திய அணி! 13 பேர் தேறாததால் பறிபோன ஆசியக் கோப்பை. பட்டியலில் இருந்த 5 தமிழகப் பெண்கள்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பக்கம் ஒரு டீக்கடை. சாயங்காலம் பந்து விளையாடி முடித்த பையன்களும், ஓட்டப் பயிற்சி முடித்த பெண்களும் வந்து நிற்கிற இடம். கடைக்காரருக்கு கால்பந்து என்றால் உயிர். கிளாசைக் கழுவிக்கொண்டே நம்மிடம் கேட்டார்.

"ஏந்தம்பி, பேப்பர்காரர்தானே நீங்க? நம்ம பொம்பளப் புள்ளைக டீமு பம்பாயில ஆடுச்சே, ஆசியக் கோப்பை. அதுல எத்தனை கோல்ல தோத்தோம்?"

"கோலே வாங்கலைண்ணே."

"பெறகு எப்படி வெளியேறுனாக?"

"ஆள் பத்தலைண்ணே."

டீ ஆற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. "என்னது! இம்புட்டுப் பெரிய நாட்டுல ஆள் பத்தலையா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. 140 கோடி பேர் வாழும் நாடு. அந்த நாட்டுப் பெண்கள் அணி, சொந்த மண்ணில் நடந்த சர்வதேசப் போட்டியில், ஆட ஆள் இல்லை என்று வெளியேற்றப்பட்டது. எதிரி அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. நடுவர் அநியாயம் செய்யவில்லை. மழை பெய்யவில்லை. பின்னே என்ன நடந்தது? விவரம் வருமாறு:-

19 வருடம் கழித்துக் கிடைத்த வாய்ப்பு

பெண்களுக்கான ஆசியக் கோப்பை கால்பந்துப் போட்டி 2022 ஜனவரி 20-ந்தேதி முதல் பிப்ரவரி 6-ந்தேதி வரை மும்பை, நவிமும்பை, புனே ஆகிய இடங்களில் நடந்தது. மொத்தம் 12 நாடுகள். 3 பிரிவுகள். இந்தியா இருந்த பிரிவில் சீனா, சீன தைபே, ஈரான் ஆகிய நாடுகள்.

இந்தியப் பெண்கள் இந்தக் கோப்பைக்குப் புதியவர்கள் அல்ல. 1980-களின் தொடக்கத்தில் இரண்டு தடவை இறுதி ஆட்டம் வரை போய் வந்தவர்கள். அதற்குப் பிறகு சரிவுதான். 2003-க்குப் பின் இந்தப் போட்டிப் பக்கமே தலைகாட்ட முடியவில்லை. 19 வருடம் கழித்து, போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இடம் கிடைத்தது.

இன்னொரு பெரிய ஆசையும் இருந்தது. இந்தப் போட்டியில் அரை இறுதிக்கு வந்துவிட்டால் போதும், 2023-ல் ஆஸ்திரேலியா - நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்கு நேராகப் போய்விடலாம். கால் இறுதியில் தோற்றாலும் இன்னொரு வழி திறந்திருந்தது. பெரிய பெரிய நாடுகள் நடுவே அது லேசான காரியம் இல்லை. ஆனாலும் கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்க்கவாவது முடியும் என்று அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள். பயிற்சியாளர், ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த தாமஸ் டென்னர்பி. கேப்டன், மணிப்பூரைச் சேர்ந்த ஆஷாலதா தேவி.

பட்டியலில் 5 பேர் நம்மவர்கள்

அந்தப் போட்டிக்கு 23 பேர் பட்டியல் கொடுத்தார்கள். அதில் 3 பேர் கோல்கீப்பர்கள். அந்த 23 பேரில் மணிப்பூர்ப் பெண்கள் நிறைய பேர். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் தமிழகத்தில் இருந்து எத்தனை பேர் தெரியுமா? ஐந்து பேர்!

கோல்கீப்பர் சவுமியா நாராயணசாமி, நடுக்களத்தில் இந்துமதி கதிரேசன், கார்த்திகா அங்கமுத்து, முன்களத்தில் சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன்.

ஆண்கள் அணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக் போட்டியில் பெரு நாட்டுக்கு எதிராக கோல் போட்டவர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் அதுதான். அதே அணியில் கோல்கீப்பராக இருந்த பீட்டர் தங்கராஜ், 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தவர். அது அந்தக் காலம். பின்னால் ஆண்கள் அணிப் பட்டியலில் தமிழ்ப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டிய நிலை வந்துவிட்டது. அப்படி இருக்க, பெண்கள் பட்டியலில் ஐந்து பெயர்! பெருமையாகச் சொல்ல வேண்டிய சேதி. சொன்னவர்கள் எத்தனை பேர்?

லத்தி பிடித்த கை

இந்த ஐவரில் இந்துமதியின் கதை தனிக் கதை. கடலூர் மாவட்டத்துப் பெண். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா காலத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபோது, சென்னையில் காக்கி உடையில் ரோட்டில் நின்று வேலை பார்த்தவர். "வெளியே வராதீங்க, மாஸ்க் போடுங்க" என்று சொல்லும் வேலை. அந்த டியூட்டிக்கு நடுவிலேதான் பயிற்சியும்.

2018 பிப்ரவரியில் ஒடிசா மாநிலம் கட்டாக்கில் தேசிய சீனியர் பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம். எதிரி யார்? அசைக்க முடியாத மணிப்பூர். தமிழ்நாடு 2-1 என்று ஜெயித்து முதன்முறையாகப் பட்டம் வாங்கியது. இரண்டாவது கோல் இந்துமதி போட்டது. அந்த ஒரு வெற்றிக்குப் பிறகுதான் "தமிழ்நாட்டிலும் பெண்கள் பந்து ஆடுகிறார்கள்" என்று வடக்கே ஒத்துக்கொண்டார்கள்.

சந்தியாவும் கடலூர் மாவட்டம்தான். இந்த இரண்டு பேருக்கும் மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அது என்ன?

மதுரை கொடுத்த சட்டை

மதுரை - அருப்புக்கோட்டை ரோட்டில் காரியாபட்டி பக்கம் சேது பொறியியல் கல்லூரி இருக்கிறது அல்லவா? அந்த நிர்வாகத்தின் ஆதரவில் 2016-ல் உருவானது சேது எப்.சி. என்ற கால்பந்துக் கழகம். பெயர் சொல்லும்போது "மதுரை சேது" என்றே வெளியூரில் சொல்வார்கள். பெண்கள் லீக் போட்டியில் ஆடுவதற்கென்றே அணி கட்டினார்கள்.

2019 மே 22. பஞ்சாப் மாநிலம் லூதியானா. இந்தியப் பெண்கள் லீக் இறுதி ஆட்டம். மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கோல் கணக்கில் மதுரை சேது தோற்கடித்து இந்தியாவின் சாம்பியன் ஆனது. இந்துமதியும் சந்தியாவும் அந்த வெற்றி அணியில் இருந்தவர்கள்.

அகில இந்தியப் பட்டம் மதுரைக்கு! வேறு ஊராக இருந்தால் வெடி வெடித்திருப்பார்கள். ஆனால் பாவம், அந்தப் பெண்களுக்கு நாள் சரியில்லை. மறுநாள் மே 23, பாராளுமன்றத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. பேப்பரில் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை எந்தத் தொகுதியில் யார் முன்னிலை என்பதுதான் சேதி. சாம்பியன் பெண்கள் ஒரு மூலையில் ஒதுங்கிப் போனார்கள். மதுரையில் பாதிப் பேருக்கு இன்று வரை அந்தச் சேதி தெரியாது.

வெளிமாவட்டப் பெண்கள், மணிப்பூர்ப் பெண்கள், பக்கத்து நாட்டுப் பெண்கள்கூட மதுரையின் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஆடினார்கள். ஒரு கழகம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுதான் அத்தாட்சி. பள்ளிக்கூடம் முடித்த பெண் பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருக்க வேண்டியது இல்லை. ஆட ஒரு அணி உண்டு, தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு. அங்கே நன்றாக ஆடினால் இந்திய அணிப் பயிற்சியாளர் கண்ணில் படும் வழி உண்டு.

ஜனவரி 20: முதல் ஆட்டம்

இனி 2022 ஜனவரிக்கு வருவோம். கொரோனாவின் மூன்றாவது அலை வீசிக்கொண்டிருந்த நேரம். மதுரைக்காரர்களுக்கு அந்த மாதம் மறக்காது. ஜனவரி 16-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையே ஒருநாள் தள்ளி 17-ந்தேதி நடத்தினார்கள். மாடு பிடிக்கிறவருக்குப் பரிசோதனைச் சான்றிதழ். வேடிக்கை பார்க்க 150 பேருக்கு மேல் கூடாது.

மும்பையிலும் அதே பயம். அணிகளை எல்லாம் ஓட்டலில் தனியாக வைத்து, வெளியாள் அண்டாமல், அடிக்கடி ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை செய்தார்கள். ஓட்டல் - பஸ் - மைதானம் - ஓட்டல். அம்புட்டுதான் வாழ்க்கை.

20-ந்தேதி நவிமும்பை டி.ஒய்.பாட்டீல் ஸ்டேடியம். இந்தியா - ஈரான். ஈரான் பெண்கள் ஆசியக் கோப்பைக்கு அதுதான் முதல் தடவை. நம் பெண்கள் முட்டி மோதிப் பார்த்தார்கள். கோல் விழவில்லை. 0-0 என்று சமன்.

ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் என்ற வருத்தம் எல்லோருக்கும். இருந்தாலும் ஒரு புள்ளி கையில். அடுத்து 23-ந்தேதி சீன தைபே. அதை ஜெயித்துவிட்டால் கால் இறுதி வாசல் தெரியும். இப்படித்தான் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். விதி வேறு கணக்குப் போட்டது!

23-ந்தேதி நடந்தது என்ன?

ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் அன்றும் முழு ஊரடங்கு. மாசி வீதியில் ஈ, காக்கை இல்லை. மாட்டுத்தாவணியில் வெறும் கூரைதான். வீட்டுக்குள் அடைந்து கிடந்த கால்பந்து பிரியர்கள் ராத்திரி ஆட்டத்துக்காகக் காத்திருந்தார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் பரிசோதனை முடிவு வந்தது. இந்திய அணியில் ஒருவர் இல்லை, இருவர் இல்லை, சுமார் ஒரு டஜன் பேருக்குத் தொற்று!

23 பேரில் 12 பேரைக் கழித்தால் மிச்சம் 11. "பதினொரு பேர் இருந்தால் ஆடலாமே, பந்தாட்டத்துக்கு வேண்டியது பதினொரு பேர்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். தெருவில் ஆடினால் சரி. ஆசியக் கோப்பையில் அப்படி இல்லை. கொரோனா காலத்துக்கென்று ஆசிய கால்பந்து கூட்டமைப்பு தனி விதி போட்டிருந்தது. கோல்கீப்பர் ஒருவர் உட்படக் குறைந்தபட்சம் 13 பேர் கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை தேறாவிட்டால் ஆட்டம் இல்லை. ஆட்டத்துக்கு வராத அணி போட்டியை விட்டே விலகியதாகக் கருதப்படும்.

13 பேர் தேறவில்லை!

ஆட்டம் நின்றது. ஸ்டேடியத்தில் விளக்கு எரிந்தது, பந்து உருளவில்லை. அலங்காநல்லூர் மாட்டுக்கு ஒருநாள் தள்ளிவைத்தார்கள். இந்தப் பெண்களுக்கு ஒருநாள்கூடத் தள்ளிவைக்க விதியில் இடம் இல்லை.

இருந்த புள்ளியும் போனது

தலையில் விழுந்த அடுத்த இடி இதுதான். இந்தியா விலகியதாகக் கூட்டமைப்பு அறிவித்தது. அதோடு விடவில்லை. ஈரானுடன் ஆடி எடுத்த 0-0 ஆட்டமும் செல்லாது. 26-ந்தேதி குடியரசு தினத்தன்று சீனாவுடன் ஆட வேண்டிய ஆட்டமும் ரத்து. ஏட்டைப் புரட்டினால் அந்தப் போட்டியில் இந்தியா ஆடியதற்கே அடையாளம் இல்லாதபடி அழித்துவிட்டார்கள்.

சொந்த நாட்டில் போட்டி. சொந்த ஸ்டேடியம். பந்தல் போட்டவன் வீட்டுப் பிள்ளைக்கே பந்தியில் இலை இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

பயிற்சியாளர் டென்னர்பி கொதித்துப் போனார். தங்கள் அணி கட்டுப்பாட்டை மீறவில்லை, தங்கியிருந்த இடத்தின் ஊழியர்கள் வழியாகத்தான் கிருமி உள்ளே வந்தது என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். யார் மேல் தப்பு என்று விவாதம் நடந்தது. ஆனால் விவாதம் முடிவதற்குள் போட்டி முடிந்துவிட்டது. பிப்ரவரி 6-ந்தேதி இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் பின்தங்கியிருந்த சீனா, 3-2 என்று தென்கொரியாவை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. நம் பெண்கள் ஓட்டல் அறைக்குள் தனிமையில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

இந்தியக் கால்பந்துக்கு இப்படி வாசல் வரை போய்த் திரும்புவது முதல் தடவை அல்ல. 1950-ல் பிரேசில் நாட்டில் நடந்த ஆண்கள் உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. போகவில்லை. அது பெரியவர்கள் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. 2022-ல் பெண்கள் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தயாராக இருந்தவர்களைத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

பதின்மூன்றாவது ஆள்

இந்தச் சம்பவத்தில் இருந்து நமக்கு என்ன தெரிகிறது?

அணி என்றால் நாம் கேப்டன் பெயரைச் சொல்வோம். கோல் அடித்தவர் பெயரைச் சொல்வோம். 11 பேர் வரைக்கும் ஞாபகம் வைத்துக்கொள்பவர் பெரிய ரசிகர். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை யாரும் கேட்பது இல்லை. "என்னம்மா, டெல்லி, பம்பாய்ன்னு போயிட்டு வந்தே, ஆடவே விடலையாமே?" என்று ஊரில் நக்கல் வேறு.

2022 ஜனவரி 23-ந்தேதி ராத்திரி, இந்தியாவுக்குத் தேவைப்பட்டது பெரிய நட்சத்திரம் இல்லை. பதின்மூன்றாவது ஆள்! பெஞ்சில் உட்கார்ந்தாலே போதும், பெயர் இருந்தாலே போதும் என்ற நிலைமை. 23 பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அன்றைய ராத்திரி பதில் சொல்லிவிட்டது. பட்டியலில் எந்தப் பெயரும் சும்மா இல்லை.

அந்தப் பெயர்கள் ஆகாயத்தில் இருந்து குதிப்பது இல்லை. கடலூரில் ஒரு பயிற்சிக் கூடம், மதுரையில் ஒரு கழகம், மணிப்பூரில் தெருவுக்கு ஒரு மைதானம் என்று இருந்தால்தான் பட்டியல் நீளும்.

உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று சுற்றுவட்டாரத்தில் இருந்து டவுன் பஸ் ஏறி மதுரைக்குப் பயிற்சிக்கு வரும் பெண்களை நாம் பார்க்கிறோம். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். "பொழுது சாஞ்சா அப்பா திட்டுவாக அக்கா" என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு, வியர்வை காயாமலே பஸ்சைப் பிடிக்க ஓடுகிறார்கள். உடை மாற்ற ஒரு அறை, பூட்டு உள்ள ஒரு கழிவறை, கடைசி பஸ் வரை எரிகிற நாலு விளக்கு. கேட்பது இவ்வளவுதான். இது கால்பந்து சேதி இல்லை, நகரசபை சேதி என்று சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது நம் கருத்து.

மீண்டும் எழுந்தார்கள்

கதை கண்ணீரோடு முடியவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

அதே 2022 மே மாதம் புவனேஸ்வரத்தில் இந்தியப் பெண்கள் லீக். கடைசி ஆட்டம்வரை பட்டப் போட்டியில் நின்றது மதுரை சேது. கேரளாவின் கோகுலம் அணியிடம் 3-1 என்று தோற்று இரண்டாம் இடம். 2023 ஜூனில் அமிர்தசரசில் அரியானாவை 2-1 என்று வீழ்த்தி தமிழ்நாடு மறுபடி தேசிய சாம்பியன்.

2025 ஜூலை. தாய்லாந்தின் சியாங்மாய் நகரம். அடுத்த ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என்று அடித்து நொறுக்கியது இந்தியா. ஈராக்குக்கு எதிரான ஐந்து கோல்களில் ஒரு கோல் போட்டவர் யார் தெரியுமா? 2022-ல் ஓட்டல் அறையில் இருந்து ஊர் திரும்பிய அந்த ஐந்து தமிழகப் பெண்களில் ஒருவரான கார்த்திகா அங்கமுத்து!

ஜூலை 5-ந்தேதி கடைசி ஆட்டம். தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று சாய்த்தார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் போட்டது. போட்டியை நடத்தும் நாடு என்ற சலுகை இல்லாமல், தகுதிச் சுற்றில் ஜெயித்து ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் இடம் பிடித்தது அதுவே முதல் தடவை. 2022-ல் விதி பறித்த இடத்தை 2025-ல் காலால் உதைத்து வாங்கினார்கள்.

இதை எல்லாம் சொல்லி முடிக்கும்போது டீ ஆறிப் போயிருந்தது. கடைக்காரர் அதை ஊற்றிவிட்டு வேறு டீ போட்டார். மைதானத்தில் இருந்து வந்த ஏழெட்டுப் பெண்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்கள். ஒருத்தி கையில் பந்து.

கடைக்காரர் அவர்களை ஒவ்வொருவராக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு நம்மைப் பார்த்துச் சொன்னார்.

"எட்டுப் பேர்தான் தம்பி இருக்காக. இன்னும் அஞ்சு பேர் வேணும்ல!"